எங்க பாட்டு எது சார்?

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கூப்பிட்டார். இப்போது அவரும் ஆசிரியர். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு பாட்டை மியூஸ்ஸ்கோர் மென்பொருளில் எழுதியிருக்கிறாராம்.

"சார், பிள்ளைகளுக்குப் பாடுற வரி மட்டும் திரையில தெரியணும். ஆர்மோனியம், தாளம் எல்லாம் கேக்கணும், ஆனா கண்ணுல படக்கூடாது. அழிச்சா சத்தமும் சேர்ந்து போயிருது. என்ன பண்றது?"

இரண்டு நிமிடத்தில் வழியைச் சொன்னேன். அங்கேயே செய்து பார்த்துவிட்டு, "வந்துருச்சு சார்" என்று சந்தோஷமாகப் போனை வைத்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. கணக்கில் பாதி படி எழுதிவிட்டு மணி அடித்ததும் வகுப்பை விட்டு வந்த மாதிரி இருந்தது. மீதிப் படிதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

நான் கணக்கு வாத்தியார். சங்கீதம் முறையாகப் படித்தவன் இல்லை. ஆனால் காந்திகிராமத்துப் பக்கம் வளர்ந்தவன். 1947-இல் டாக்டர் சௌந்திரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சர்வ சமயப் பிரார்த்தனை இந்த ஊரின் பழக்கம். சின்ன வயதில் அதைக் கேட்டுக் கேட்டே ஆர்மோனியக் கட்டைகளில் கை வைத்தேன். வேலை பார்த்த இடங்களில் பிரார்த்தனைப் பாட்டுக்கு ஆர்மோனியம் என் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் தெருப் பிள்ளைகள் பதினான்கு பேருக்கு வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் கணக்கும், கடைசி அரைமணி நேரம் பாட்டும் என்று ஒரு வகுப்பு நடந்தது.

பிறகு சர்க்கரை வந்தது. வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் மரத்துவிட்டன. இடது கை துருத்தியைப் போடும், வலது கை தடுமாறும். கட்டையைத் தொட்டிருக்கிறேனா இல்லையா என்பதே தெரியாது. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. நான் தப்பாக வாசித்த இடத்தில் அவர்களும் தப்பாகப் பாடினார்கள், அவ்வளவுதான். அது தாங்காமல் ஒருநாள் ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடினேன்.

அக்கா மகன்தான் என் பழைய லேப்டாப்பில் மியூஸ்ஸ்கோரைப் போட்டுக் கொடுத்தான். வெர்னர் ஷ்வீர் என்ற ஜெர்மானியர் 2002-இல் தொடங்கிய வேலை அது. முதல் முழுப் பதிப்பு 2011-இல் வந்தது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஐந்து கோடு போட்ட மேல்நாட்டு இசைக்குறியீட்டில் எழுதினால் அதுவே வாசித்தும் காட்டும். ஸ்டாஃப் என்று சொல்கிறார்களே, அந்த ஐந்து கோட்டுத் தொகுதியை நான் 'வரி' என்றே சொல்லிக்கொள்கிறேன். கணக்கு வாத்தியாருக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. மேலே போனால் சுருதி ஏறுகிறது, வலது பக்கம் போனால் நேரம் ஓடுகிறது. வரைபடத் தாள்தான்.

நம் கமகம், அசைவு எல்லாம் அதில் நினைத்தபடி வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் சேர்ந்து பாடும் நேரான பாட்டுக்குப் போதும்.

பாரதி பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். முதல் வரி பிள்ளைகள் பாடுவது. இரண்டாவது புல்லாங்குழல். அதே மெட்டை அச்சாக அப்படியே வாசிக்கும், பிள்ளைகள் வழி தவறாமல் இருக்க. மூன்றும் நான்கும் ஆர்மோனியம், வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. ஐந்தாவது சுருதி. தம்புராவுக்குப் பதிலாக ஆர்கன் ஒலியில் ஸ-ப இரண்டையும் நீளமாக இழுத்து விட்டேன். ஆறாவது கட்டை ஒலியில் ஆதி தாளம். பாட்டு வார்த்தைகளைத் தமிழிலேயே அடித்தேன். கண்ட்ரோல் எல் அழுத்தினால் சுரத்துக்குக் கீழே எழுத இடம் வரும். அதற்குக் கீழே இரண்டாம் அடியாக ஸ ரி க ம எழுத்துகளையும் போட்டேன். பார்க்கவே பெருமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் அதைக் காட்டினேன். ஆறு வரி, முப்பது கோடு, கொத்துக் கொத்தாகப் புள்ளி. பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கிக் கேட்டாள்.

"இதுல எங்க பாட்டு எது சார்?"

நியாயமான கேள்வி. நான் பட்ட பாட்டையெல்லாம் அவள் எதற்குப் பார்க்க வேண்டும்?

அன்று ராத்திரி முதலில் செய்த தப்பு, மற்ற ஐந்து வரிகளையும் அழித்தது. சுத்தமாக இருந்தது. ஓட விட்டால் ஒற்றைக் குரல் வரி மட்டும் மொட்டையாகக் கேட்டது. அடுத்து, சுரங்களைத் தேர்ந்தெடுத்து வி எழுத்தை அழுத்தினேன். புள்ளிகள் மறைந்தன, சத்தம் இருந்தது. ஆனால் ஐந்து கோடும் வெறுமனே நின்றன, இடமும் அப்படியே அடைத்துக்கொண்டு கிடந்தது. குடி போன வீட்டின் காலி அறை மாதிரி.

சரியான இடம் கடைசியில்தான் தெரிந்தது. நான் சொல்வது நான்காம் பதிப்பு. இடது பக்கம் வாத்தியங்களின் பட்டியல் இருக்கும், எஃப் 7 அழுத்தினால் வரும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கண் படம். அதைத் தட்டினால் கண் மூடிக்கொள்ளும். வரி மறைந்துவிடும், இடமும் சுருங்கிவிடும். ஆர்மோனியம் மாதிரி இரண்டு வரி உள்ள வாத்தியத்தில், பெயருக்கு முன்னால் இருக்கும் அம்பைத் தட்டினால் ஒவ்வொரு வரிக்கும் தனிக் கண் கிடைக்கும். எழுதியது எதுவும் அழியாது. மறுபடி தட்டினால் திரும்ப வரும்.

காட்டுவதற்கு ஒரு சாவி, ஒலிப்பதற்கு வேறொரு சாவி. இதுதான் அதில் விஷயம். ஒலியின் சாவி மிக்சரில் இருக்கிறது, எஃப் 10. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி ஒன்று, எம் என்று ஒரு பொத்தான். எம்-ஐ அழுத்தினால் அந்த வாத்தியம் ஊமை. மறைத்த வாத்தியம் தானாகவே ஊமையாகிறதா இல்லையா என்பது பதிப்பைப் பொறுத்தும் அமைப்பைப் பொறுத்தும் மாறும். அதனால் கண்ணை மூடியதும் மிக்சரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒற்றைச் சுரத்துக்கும் இதே கதைதான். அதைத் தட்டினால் விசிபிள், ப்ளே என்று இரண்டு கட்டங்கள் வரும். தெரியாமல் ஒலிக்கலாம், ஒலிக்காமல் தெரியலாம்.

போனில் நான் சொன்னது இவ்வளவுதான்.

மறுநாள் சுவரில் ஒரே ஒரு வரி. கீழே பாட்டு, அதற்குக் கீழே ஸரிகம. புள்ளி ஏறினால் குரலை ஏற்று, இறங்கினால் இறக்கு என்றேன். பின்னாலிருந்து ஆர்மோனியமும் தாளமும் சுருதியும் குழலும் வந்தன. பிள்ளைகள் பாடினார்கள். என் கை மரத்ததற்குப் பிறகு அன்றுதான் அந்த அறை பாட்டு வகுப்பாக இருந்தது.

எவ்வளவு எழுதிக் காட்டுவது, எவ்வளவை எழுதாமல் விடுவது என்பது கம்ப்யூட்டரோடு பிறந்த கேள்வி இல்லை. சென்னையில் சின்னசாமி முதலியார் 1890-களிலேயே நம் கீர்த்தனைகளை இதே ஐந்து கோட்டில் எழுதி அச்சிட்டார். அவர் தூண்டியவர்களில் ஒருவரான எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர், 1904-இல் வந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமகங்களுக்கென்றே தனி அடையாளங்களைப் போட்டார். முடிந்தவரை எல்லாவற்றையும் தாளில் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு இருவருக்கும் இருந்தது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரை நம் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது. 1917-இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்ட அவர், ஆசிரியர் பயிற்சி பெற்றது திண்டுக்கல்லில். சடையாண்டி பத்தரிடம் வயலின் கற்றதும் இங்கேதான்.

ஆனால் நாம் கடையில் வாங்கும் பாட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். மேலே சுரம், கீழே சாகித்தியம், இரண்டே அடி. அசைவு எங்கே, மூச்சு எங்கே, அழுத்தம் எங்கே என்று ஒன்றும் இருக்காது. அதெல்லாம் சொல்லிக்கொடுப்பவர் தொண்டையில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒலிக்கிற வரி, வாத்தியார்தான்.

இப்படியெல்லாம் யோசித்து எனக்கு நானே மெச்சிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கரண்ட் போனது.

அக்டோபர் 2-ஆம் தேதி ஊர்ப் பொதுக்கூடத்தில் காந்தி ஜெயந்தி விழா. அதில் எங்கள் பிள்ளைகள் பாடுவதாக ஏற்பாடு. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால், ஒத்திகை நடக்கும்போது கரண்ட் நின்றது. லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுகாலம் ஆகிறது. சுவரும் இருண்டது, சத்தமும் நின்றது. "நிறுத்தாதீங்க, பாடுங்க" என்றேன்.

பதினான்கு பேரும் பாதிச் சொல்லில் நின்றார்கள். இரண்டு மாதம் பாடிய பாட்டு. வார்த்தை எல்லோருக்கும் மனப்பாடம். மெட்டு மட்டும் ஒருவருக்கும் இல்லை. எடுத்துக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள்.

அப்போதுதான் உறைத்தது. இவர்கள் சுவரில் இருந்த வரியைப் படிக்கவே இல்லை. மறைந்திருந்த குழலைக் கேட்டு, ஒரு நூலிழை பின்னால் ஒட்டிக்கொண்டு பாடியிருக்கிறார்கள். வரி கண்ணில் படாததால், குழலை நம்பித்தான் பாடுகிறார்கள் என்பது எனக்கும் தெரியவில்லை. நன்றாகப் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இருட்டில் உட்கார்ந்திருந்தபோது முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பையன் நினைவுக்கு வந்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆய்வு. அதிகாரி ஒன்பதாம் வகுப்புக்கு வந்து, ஒரு பையனை எழுப்பி, பலகையில் ஒரு சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னார். அவனுக்கு எப்போதும் பிளஸ், மைனஸில் தடுமாற்றம். சமக்குறிக்கு அந்தப் பக்கம் கொண்டு போகும்போது குறியை மாற்ற மறந்துவிடுவான். நான் அதிகாரிக்குப் பின்னால், வகுப்பின் கடைசியில் நின்றிருந்தேன். அவன் திரும்பிப் பார்த்தான். நான் கையை நெஞ்சில் வைத்தால் பிளஸ், கீழே விட்டால் மைனஸ். முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டதில்லை. வகுப்பில் தினமும் அப்படிச் செய்து செய்து அவனுக்கும் எனக்கும் பழகிப் போயிருந்தது. ஒவ்வொரு குறிக்கும் திரும்பிப் பார்த்து, சரியாகப் போட்டு முடித்தான். "பரவாயில்லையே" என்றார் அதிகாரி. எனக்கும் நல்ல பெயர்.

பத்தாம் வகுப்பில் அவன் கணக்கில் தவறினான். மறுதேர்விலும் தவறினான். சில வருஷம் கழித்து திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலைமுடியில் பஞ்சுத்தூசி. மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். பேச்சு கணக்குப் பக்கம் போனது. கோபமில்லாமல், சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"நீங்க பின்னாடி நின்னா எனக்குக் கணக்கு வரும் சார்."

பாராட்டாகத்தான் சொன்னான். அன்றைக்கு நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கரண்ட் போன அறையில்தான் அந்த வாக்கியத்தின் கனம் தெரிந்தது. மில் வேலை தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. அவனுக்கு வேறு வழியும் திறந்திருக்கலாம். அந்தக் கதவுக்கு முன்னால் நான் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மறுநாள் பிள்ளைகளிடம் உள்ளதைச் சொன்னேன். "உங்களுக்குத் தெரியாம ஒரு புல்லாங்குழல் உங்க கூடப் பாடிட்டு இருக்கு." கண்ணைத் திறந்து, மறைந்திருந்த வரியைக் காட்டினேன். ஆச்சரியமாகப் பார்த்தார்கள். "இன்னையிலிருந்து இது கொஞ்சம் கொஞ்சமா விலகிக்கும்" என்றேன்.

முதல் மூன்று நாள் மிக்சரில் குழலின் பிடியைத் தினமும் கொஞ்சம் கீழே இறக்கினேன். நான்காம் நாள், ஒவ்வொரு அடிக்கும் முதல் இரண்டு சுரத்தை மட்டும் விட்டுவிட்டு, மீதிக்கெல்லாம் ப்ளே கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். எடுத்துக் கொடுப்பதோடு குழலின் வேலை முடிந்தது. ஏழாம் நாள் அதுவும் இல்லை, எம்-ஐ அழுத்திவிட்டேன். அன்று ரொம்ப மோசமாகப் பாடினார்கள். ஒரு சின்னப் பையன், "அந்தக் குழலு பாவம் சார், போடுங்க" என்றான். கை எம் பொத்தானுக்குப் போய்விட்டுத் திரும்பியது. என் சர்வீஸில் அந்தக் கை அப்படித் திரும்பிய நேரம் குறைவு.

எட்டாம் நாள்தான் சுவரில் இருந்த புள்ளிகளை நிஜமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆள்காட்டி விரலால் காற்றில் ஏற்றி இறக்கிக்கொண்டே பாடினார்கள். ஒன்பதாம் நாள் கட்டைச் சத்தத்தையும் நிறுத்தினேன். தாளத்தை அவர்களே தொடையில் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு சுருதி. அதையும் எடுத்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. வைராக்கியம் தலைக்கேறினால் அப்படித்தான். வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் நாகஸ்வரக் கோஷ்டி. கோயில் திருவிழாவில் பார்த்திருப்பீர்கள். நாகஸ்வரக்காரர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் நீளமான குழலை வைத்து, விரலை அசைக்காமல், ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். அதுதான் ஒத்து. இப்போது பெரும்பாலும் அந்த இடத்தில் சுருதிப் பெட்டி இருக்கிறது. 'ஒத்து ஊதுகிறான்' என்று நாம் வசவாகச் சொல்கிறோம். ஆனால் ராகத்தில் எவ்வளவு தூரம் போனாலும் நாகஸ்வரக்காரர் திரும்பி வர அந்த ஒலி வேண்டும். அவருடைய ஒரு சுரத்தையும் ஒத்து அவருக்காக வாசிப்பதில்லை. அவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும்.

குழலுக்கும் ஒத்துக்கும் வித்தியாசம் அங்கேதான். இரண்டும் மறைந்திருந்து ஒலிப்பவைதான். குழல் பிள்ளை செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. ஒத்து, பிள்ளை தன் வேலையைச் செய்ய இடம் கொடுக்கிறது. நான் அந்தப் பையனுக்கு ஒத்தாக நின்றிருக்க வேண்டும். குழலாக நின்றுவிட்டேன்.

அக்டோபர் 2 அன்று சுருதியும், மெல்லிசாக ஆர்மோனியத்தின் இடது கை வரியும் மட்டும் ஸ்பீக்கரில் ஓடின. சுவரும் இல்லை, வேட்டியும் இல்லை. இரண்டாம் சரணத்தில் நாலைந்து பேர் சுருதி விலகினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பின்வரிசையில் நின்ற ஆறாம் வகுப்புக்காரி, 'எங்க பாட்டு எது' என்று கேட்டாளே அவள்தான், கண்ணை மூடி ஒரு நொடி நிறுத்தி, சுருதியைக் கேட்டு, அடுத்த அடியைச் சரியான இடத்தில் எடுத்தாள். மற்றவர்கள் அவளோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். கூட்டத்தில் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். குழலை வைத்துப் பாடியிருந்தால் இதைவிடச் சுத்தமாக இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது அவர்களுடைய பாட்டாக இருந்திருக்காது.

இதுதான் நான் போனில் சொல்லாமல் விட்ட மீதி. தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கண் படத்தைச் சொன்னேன், எம் பொத்தானைச் சொல்ல மறந்துவிட்டேன். மறைத்து வைத்து ஒலிக்க விடுவது நல்லதுதான், பிள்ளைகள் பயமில்லாமல் ஆரம்பிப்பார்கள். ஆனால் மறைத்த அன்றைக்கே, அதை எந்தத் தேதியில் நிறுத்தப் போகிறோம் என்பதையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் நமக்கே அது மறந்துவிடும். சுருதியை மட்டும் நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. மறைப்பதற்கு முன்னால் முழுக் கோப்பையும் வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஐந்து வரியையும் அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.